மாலை போடாத படம்

புவனேசன் என் கடைக்கு வந்து முதலில் ஒரு தே தாரிக் கேட்டான். அதைக் குடித்து முடித்துவிட்டு நாற்பது பெண்களைக் கேட்டான்.

"முப்பது வயசுக்கு மேல இருக்கணும்க்கா. வசனம் ஒண்ணும் கெடையாது. உக்காந்து அழணும், அவ்வளவுதான் லா."

கூலிம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பதினெட்டு வருடமாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கருமாதி, கட்சிக் கூட்டம் என்று எல்லாவற்றுக்கும் ஆர்டர் எடுத்திருக்கிறேன். அழுகைக்கு ஆர்டர் வந்தது அதுதான் முதல் தடவை. யார் செத்தார்கள் என்று கேட்டேன்.

இலங்கைப் போரைப் பற்றிப் படம் எடுக்கப் போகிறான் என்பது அப்போதுதான் தெரிந்தது. புவனேசனின் அம்மாவும் நானும் பாடாங் மேஹா பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில், ஒரே லயத்து வீடுகளில், சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வளர்ந்தவர்கள். பையன் கோலாலம்பூருக்குப் போய் டிவிக்கு நாடகம் எடுத்துக்கொண்டிருந்தான். மாமியார் மருமகள் சண்டையை நானூறு பாகம் எடுத்தவனுக்குத் திடீரென்று போர் எதற்கு என்று கேட்டால், கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறான். 2009-இல் அவன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தானாம். விடுதிக் கணினியில் அந்தச் செய்திப் படங்களைப் பார்த்துவிட்டு மூன்று நாள் சாப்பிட முடியாமல் கிடந்தானாம்.

"நான் பாத்த வரைக்கும் ரெண்டு தினுசாத்தான்க்கா படம் எடுக்குறாங்க," என்றான். "ஒண்ணு, ஹீரோ ஒத்த ஆளா நின்னு நூறு பேரச் சுடுவாரு. இல்லாட்டி, அங்கேருந்து வந்தவன் எல்லாம் தீவிரவாதி. வூட்டுல காத்துக்கிட்டு கெடந்த பொம்பளைங்கள யாரும் காட்டல. நான் அவங்களத்தான் காட்டப் போறேன்."

நல்ல பையன். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. பெண்டாங் வயலை வன்னி வயலாக்குவது, எங்கள் பழைய தோட்டத்தில் ஆளில்லாமல் கிடக்கும் லயத்தை ஒரு ஊராக்குவது என்று எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தான். நாற்பது பேரையும் நானே சேர்த்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். என்னிடம் அக்கா என்று இரண்டு முறை கூப்பிட்டால் போதும், தலையைக் கொடுத்துவிடுவேன்.

தோட்டத்தை விட்டு வெளியேறி இப்போது கூலிமைச் சுற்றியுள்ள தாமான் குடியிருப்புகளில் இருக்கும் என் பழைய கூட்டாளிகள் ஒரு மணி நேரத்தில் சேர்ந்துவிட்டார்கள். சினிமா என்றதும் சாயம் பூசிக்கொண்டு வருகிறேன் என்றவர்களை அடக்குவதுதான் பெரிய வேலையாக இருந்தது. ஆனால் புவனேசன் போனில் அடுத்ததாகச் சொன்ன விஷயம் எல்லாவற்றையும் கெடுத்தது. போர் முடிந்து பல வருடம் கழித்து, காணாமல் போன பிள்ளைகளைத் தேடும் தாய்மார் சாலையோரப் பந்தலில் படங்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் காட்சியாம். ஆளுக்கு ஒரு மகன் படத்தை வீட்டிலிருந்து எடுத்து வரச் சொன்னான்.

பாப்பம்மா கேட்டதும் கொதித்துவிட்டாள். அவளும் நானும் ஒரே வயது, ஒரே வாய்.

"என்னா கேதரின், வெளயாடுறியா? உசுரோட இருக்கிற புள்ள படத்தத் தூக்கிட்டு வந்து ஒப்பாரி வெக்கச் சொல்றியா? எம்மவன் சிங்கப்பூர்ல கிரேன் ஓட்டுறான். அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன் டைரக்டரு வந்து நிப்பானா?"

அவள் சொன்னதில் தப்பில்லை. நானே என் மகன் எர்னஸ்ட் படத்தை எடுத்துப் போயிருக்க மாட்டேன். கடைசியில், செத்தவர்கள் படத்தைக் கொண்டு வருவது என்று முடிவானது. புருஷன், அப்பன், அண்ணன், யார் வேண்டுமானாலும் சரி. நான் என் வீட்டுக்காரர் ரோனால்டின் படத்தை எடுத்து வைத்தேன். அவர் போய் ஏழு வருடம் ஆகிறது. அதற்கும் பாப்பம்மா ஒரு நிபந்தனை போட்டாள். செத்த மனுஷன் படத்தை மொட்டையாகத் தூக்கிக்கொண்டு வந்தால் பார்க்கிறவர்கள் காறித் துப்புவார்கள், மாலை போட்டால்தான் வருவேன் என்றாள். மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

புவனேசன் கமலாம்பிகை டீச்சரிடம் கேட்டான். அலோர் ஸ்டாரில் இருக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியை அவர். பாட்டனார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். அந்த ஊர்ப் பேச்சும் பழக்கமும் பிசகாமல் இருக்க வேண்டும் என்று புவனேசன் அவரைப் படத்துக்கு ஆலோசகராக வைத்திருந்தான். உண்மையைச் சொன்னால், எனக்கு அவரைப் பார்த்ததும் கொஞ்சம் எரிச்சல்தான். எங்கள் தாத்தன் விடிகாலையில் பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்றபோது பேர் கூப்பிட்ட ஆபீஸ் கிராணிமாரும் அதே யாழ்ப்பாணத்து வம்சம். இன்றைக்கும் எங்களோடு பேசும்போது பேர் கூப்பிடுகிற மாதிரிதான் இருக்கும். ஆனால் படப்பிடிப்பு நடந்த பத்து நாளும் காலையில் முதல் ஆளாகத் தன் காடியை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்ததும் அவர்தான்.

"எங்கட வீட்டில அப்பு, ஆச்சி எல்லாருக்கும் ஹாலில மாலை போட்டுத்தானே வச்சிருக்கு. போடலாம்," என்று சொல்லிவிட்டார்.

பூக்கடைக்குப் போன் போட்டு நாற்பது மாலை சொன்னது நான்.

பந்தல் காட்சிக்கு முந்தின நாள் ஒரு ஆள் குறைந்தது. ஒருத்திக்கு முட்டி வலி. வேறு யாரைக் கூப்பிடுவது என்று யோசித்துக்கொண்டே திரும்பினால், தோசைக்கல்லுக்குப் பின்னால் ஷாந்தினி நிற்கிறாள்.

ஷாந்தினி ஒன்பது வருடமாக என் கடையில் வேலை செய்கிறாள். வன்னியிலிருந்து அகதியாக வந்தவள். யூ.என். அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எப்போதும் தன்னிடமே வைத்திருப்பாள். நெற்றியில் பெரிய பொட்டு, கழுத்தில் தாலி. புருஷன் எங்கே என்று ஆரம்பத்தில் கேட்டதற்கு, "வருவார் அக்கா," என்றாள். ஒன்பது வருடமாக வராத ஒருவனைப் பற்றி நான் என்ன நினைப்பேன்? எவளையோ இழுத்துக்கொண்டு ஓடிவிட்டான் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்காமல், வியாபாரம் மந்தமான நேரங்களில் அவள் முன்னாலேயே அவனை வாய்க்கு வந்தபடி வைதும் இருக்கிறேன். அவள் தோசையைத் திருப்பிப் போடுவாள்.

"நாளைக்கு நீயும் வாயேன் புள்ள," என்றேன். "அந்த ஊர்க்காரி ஒருத்தி இருந்தா படத்துக்கும் பொருத்தமா இருக்கும்."

அவள் அடுப்பைச் சின்னதாக்கினாள்.

"அந்தப் படம் எங்கயெல்லாம் ஓடும் அக்கா?"

"இங்க, சிங்கப்பூர்ல. வெளிநாட்டுக்கெல்லாம் போட்டிக்கு அனுப்பப் போறானாம். கனடா, லண்டன்னு சொல்லிக்கிட்டு இருந்தான்."

"நாங்க பிடிச்சுக்கொண்டிருக்கிற போட்டோவில முகம் தெரியுமோ?"

"தெரியும்னுதான் சொன்னான். ஏன்?"

அப்போதுதான் அவள் சொன்னாள். கடையில் யாருமில்லை. கல்லில் இருந்த தோசை கருகியதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

"அவரைப் பிடிச்சுக்கொண்டு போனவை அக்கா, இயக்கத்துக்கு. வீட்டுக்கு ஒருத்தர் வரவேணும் எண்டு. ஆறு மாசம்தான் இருந்தவர். பிறகு கடைசி நாளில பாலம் கடந்து ஆமியிட்ட வரேக்க, ஸ்பீக்கரில சொன்னவை, இயக்கத்தில ஒருநாள் இருந்தவையும் வந்து பதியுங்கோ, விசாரிச்சுப்போட்டு விட்டிடுவம் எண்டு. அவர் பேசாமல் நிண்டவர். நான்தான் அக்கா சொன்னனான், போய்ப் பதியுங்கோ, ஒளிச்சா பிறகு கரைச்சல் எண்டு. பஸ்ஸில ஏத்தினவை. யன்னலுக்கால கை காட்டினவர். அதுக்குப் பிறகு ஒருத்தரும் அவரைக் காணேல்லை."

நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"மரணச் சான்றிதழ் தாறம், கையெழுத்து வையுங்கோ எண்டு மாமியிட்ட வந்து கேட்டவையாம். மாமி வைக்கேல்லை. நானும் வைக்கமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன். அந்த பஸ்ஸில இருந்த ஆரோ ஒருத்தர் தப்பி எங்கயாவது இருப்பினம்தானே? கனடாவில, லண்டனில. அவையள் அவரின்ர முகத்தைப் பாத்தா, ஓம், இவரை இன்ன இடத்தில கண்டனான் எண்டு சொல்லுவினமெல்லே?"

பதினைந்து வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தது அந்த ஒரு பதிலை மட்டும்தான். நான் அவனை வைத வசவெல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. ஒவ்வொன்றுக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "நீ கொண்டா புள்ள. முகம் நல்லாத் தெரியிற மாதிரி எடுக்கச் சொல்றேன். படத்துக்கு ஒண்ணும் ஆகாது, என் பொறுப்பு," என்றேன்.

மறுநாள் காலையில் தோட்டத்துக்கு அவளை நானே ஏற்றிக்கொண்டு போனேன். ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி அந்தப் படத்தை மடியில் வைத்திருந்தாள். கிளிநொச்சியில் ஸ்டூடியோவில் எடுத்தது. நீலத் திரைக்கு முன்னால், கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டு, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நிற்கிற ஒரு இளைஞன். சிவரூபன் என்று பேர் சொன்னாள். என் எர்னஸ்டை விடச் சின்னவனாக இருந்தான்.

பழைய லயத்துக்கு முன்னால் செம்மண் சாலையில் தார்ப்பாய்ப் பந்தல் போட்டிருந்தார்கள். இங்கே பிறந்து வளர்ந்த எனக்கே அது வேறு ஊராகத் தெரிந்தது. நான் ஐம்பது பேருக்கு நாசி லெமாக் பொட்டலம் கொடுப்பதில் மூழ்கிவிட்டேன். படங்களை எல்லாம் வாங்கிக்கொண்டு போய், சட்டம் இல்லாதவற்றுக்குச் சட்டம் போட்டு, ஒரு நீள மேசையில் இரண்டு பெண்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். கண்ணாடியில் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, மாலை போட்டுக்கொண்டே வந்தார்கள். மேசையைக் கடந்து இரண்டு முறை போனேன். பூ வாடாமல் வந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. இதை எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் என் புத்தியைத்தான் நொந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

மாலை கசங்கக் கூடாது என்று எல்லாரையும் உட்காரவைத்த பிறகுதான் படங்களைக் கையில் கொடுத்தார்கள். ஷாந்தினி இரண்டாவது வரிசையில் இருந்தாள். அவள் கையில் படம் வந்த அதே நேரத்தில் புவனேசன் "ஆக்‌ஷன்" என்று கத்தினான்.

எங்கள் பெண்கள் அழுதார்கள். நடிப்பு என்று யார் சொல்வது? கையில் இருப்பது சொந்தப் புருஷன், சொந்த அப்பன். பாப்பம்மா படத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு அழுத அழுகையில் கேமராவுக்குப் பின்னால் இருந்த பையன்கள் மூக்கை உறிஞ்சினார்கள். நானும் ரோனால்டைப் பார்த்து அழுதேன். நடுவில் நிமிர்ந்து பார்த்தால், ஷாந்தினி அழவில்லை. மடியில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மாலையைப் பிடித்து இழுத்தாள். நார் சட்டத்தின் மூலையில் மாட்டிக்கொண்டது. குனிந்து அதைப் பல்லால் கடித்து அறுத்தாள். முந்தானையை எச்சிலில் நனைத்து, கண்ணாடியில் இருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். பூ எல்லாம் மண்ணில் கொட்டிக் கிடந்தது.

புவனேசன் நிறுத்தச் சொல்லவே இல்லை. கடைசியில் "கட்" என்று சொல்லிவிட்டுக் கை தட்டினான்.

"அக்கா! சூப்பர்க்கா! யாரு இந்த அக்கா? இதுதான் படத்தோட உயிரே!" என்று ஓடி வந்தான். "ஒன் மோர் போலாம். கேமரா தூரத்துல இருந்துச்சு, கைய கிட்டக்க எடுக்கணும். யாராச்சும் இன்னொரு மாலை கொண்டாங்க."

ஒரு பெண் புது மாலையோடு வந்தாள். ஷாந்தினி படத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"வேண்டாம் தம்பி. ஒருக்காப் போட்டதே காணும்."

"ஒரே ஒரு தடவதான்க்கா. இதப் பாத்தா தியேட்டர்ல எல்லாரும்..."

"அவர் செத்தவரோ எண்டு எனக்குத் தெரியாது. தெரியாம நான் எப்பிடி மாலை போடுறது? இப்பிடிப் பாத்தா, அவரைக் கண்ட ஆக்களும், சரி, செத்துப்போனார் எண்டுதானே நினைப்பினம்? பிறகு ஆர் வந்து எனக்குச் சொல்லப் போயினம்?"

அவள் குரல் உயரவே இல்லை. உயர்ந்தது என் குரல்தான். அந்தப் பையனை என்னென்ன சொன்னேன் என்று எழுத முடியாது. அவன் அம்மாவையும் சேர்த்துச் சொன்னேன். "காத்துக்கிட்டு இருக்கிற பொம்பளைங்களக் காட்டப் போறேன்னு சொன்னியே, ஒருத்தி வந்து ஒக்காந்தா அவ காத்திருக்கிறத நீயே முடிச்சு வெப்பியா?" என்று கேட்டேன். கேட்கும்போதே, நாற்பது மாலை சொன்னவள் நான் என்பது நெஞ்சில் குத்தியது. அதனால் இன்னும் பலமாகக் கத்தினேன்.

புவனேசன் முகம் வெளுத்துவிட்டது. "எனக்குத் தெரியும்க்கா," என்றான். "நியூஸ்ல அந்த அம்மாமாருங்க புடிச்சிருந்த படத்துல எல்லாம் மாலை இல்ல. நான் பாத்திருக்கேன். அவங்க கஷ்டத்துல மாலை வாங்க முடியாம வந்து ஒக்காந்திருக்காங்கன்னு நெனச்சேன். நாமளாச்சும் போடுவோம்னு..."

அதைக் கேட்டதும் என் கோபம் வடிந்துவிட்டது. இந்தப் பையனை எப்படித் திட்டுவது?

கமலாம்பிகை டீச்சர் கையில் கோப்போடு வந்தார். "இது எங்கட முறைதானே பிள்ளை," என்று ஆரம்பித்தார்.

"செத்தவைக்கு முறை டீச்சர்," என்றாள் ஷாந்தினி.

டீச்சர் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, ஷாந்தினிக்கு எதிரில் உட்கார்ந்தார். எந்த வருடம், எந்த இடம், எந்த பஸ் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஷாந்தினி சொல்லச் சொல்ல, டீச்சர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு அதுவரைக்கும் அவரைப் பார்த்து வந்த எரிச்சல் எங்கே போனது என்று தெரியவில்லை.

"எங்கட ஹாலில இருக்கிற ஆக்கள் எல்லாரும் கட்டில்ல கிடந்து செத்தவை," என்றார். "எனக்கு அவ்வளவுதான் தெரியும் பிள்ளை. இதை நான் யோசிக்கேல்லை. என்னை மன்னிச்சுக்கொள்." எழுந்து புவனேசனிடம், "எல்லா மாலையையும் கழட்டச் சொல்லுங்கோ. இந்த ஒரு படத்துக்கு மட்டுமில்லை. இந்தப் பந்தலில இருக்கிற தாய்மார் ஒருத்தரும் மாலை போட்டிருக்க மாட்டினம்," என்றார்.

புவனேசன் சரி என்றான். ஆனால் எங்கள் பெண்கள் விடுவார்களா? ஷாந்தினிக்கு வேண்டாமென்றால் அவளோடு போகட்டும், எங்கள் ஆட்கள் செத்தது செத்ததுதானே, அவர்களை ஏன் அவமானப்படுத்துகிறீர்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். இரண்டு பேர் படத்தோடு எழுந்தே விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவரவர் வீட்டில் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் படம். நான் போய்ப் பாப்பம்மா பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்து, ஷாந்தினி எனக்குச் சொன்னதை அவளுக்குச் சொன்னேன். பஸ், யன்னல், கை காட்டியது, எல்லாம் சொன்னேன்.

பாப்பம்மா ஷாந்தினியை ஒரு பார்வை பார்த்தாள். அவள் நெற்றிப் பொட்டைப் பார்த்தாள். பிறகு தன் புருஷன் படத்தைத் தூக்கி முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டாள்.

"கோச்சிக்காதய்யா. இந்தப் புள்ளைக்காக ஒரு மணி நேரம் உசுரோட இரு. அப்புறம் மாலையப் போட்டுக்கலாம்."

அவளே மாலையைக் கழற்றினாள். மற்றவர்களும் கழற்றினார்கள். சிரிப்பும் அழுகையுமாக, ஆளாளுக்குத் தங்கள் ஆளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கழற்றினார்கள்.

புவனேசன் தயங்கித் தயங்கி ஷாந்தினியிடம் வந்தான். மாலையை அறுத்த காட்சியை மட்டும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டான். அவன் ஆசையும் எனக்குப் புரிந்தது. நானூறு பாகம் எடுத்தவன் வாழ்க்கையில் அப்படி ஒன்று அதற்கு முன் கிடைத்திருக்காது.

"மாலையோட அவரின்ர முகம் தெரியுதே?" என்று ஷாந்தினி கேட்டாள்.

பெட்டி மாதிரி இருந்த சின்னத் திரையில் மறுபடி ஓட்டிப் பார்த்தான். "தெரியுதுக்கா," என்றான். பொய் சொல்லியிருக்கலாம். அவன் சொல்லவில்லை.

"அப்ப வேண்டாம் தம்பி."

அவள் முன்னாலேயே அதை அழித்தான். அதற்குப் பிறகு கேமராவை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் மண்டி போட்டு, மாலை இல்லாத சிவரூபனை மட்டும் தனியாக எடுத்தான்.

படம் வர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. எங்கள் கெடா மாநிலத்தில் முதல் காட்சியை அலோர் ஸ்டாரில் வைத்தான். நானும் ஷாந்தினியும் கடையை மூடிவிட்டுப் போனோம். பச்சைச் சேலை கட்டி, தலையில் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். தியேட்டர் நிறைந்துவிட்டது. கமலாம்பிகை டீச்சர் தன் சொந்தக்காரர்கள், கோயில்காரர்கள் என்று மூன்று வரிசைக்கு ஆள் கூட்டி வந்திருந்தார். எங்கள் பெண்கள் தங்கள் முகம் வரும்போதெல்லாம் விசிலடித்தார்கள்.

பந்தல் காட்சி வந்தது. யாரும் விசிலடிக்கவில்லை. வரிசை வரிசையாகப் படங்கள், ஒன்றிலும் பூ இல்லை. திடீரென்று திரை முழுவதும் சிவரூபன். அந்தப் பொத்தான், அந்த மீசை, சிரிக்கலாமா என்ற அந்த யோசனை. ஷாந்தினி என் மணிக்கட்டைப் பிடித்தாள். எனக்கு வலித்தது. நான்கு வினாடி இருக்கும்.

"நல்ல வடிவாத் தெரியுது அக்கா," என்றாள் மெதுவாக.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் கொடுத்த சொல்லைப் புவனேசன் காப்பாற்றிவிட்டான். கனடாவில், லண்டனில், எங்கே ஓடினாலும் இந்த முகம் போகும், யாராவது ஒருவன் எழுந்து நின்று இவரை எனக்குத் தெரியும் என்று சொல்லுவான் என்று நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

படம் முடிந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வரி வந்தது. 'இந்தப் போரில் உயிர்நீத்த அனைவருக்கும் எங்கள் அஞ்சலி.' விளக்கைப் போட்டார்கள். புவனேசன் முன்னால் போய் மைக்கைப் பிடித்தான். அவனால் சரியாகப் பேசக்கூட முடியவில்லை. "எல்லாரும் எழுந்து, செத்துப் போனவங்களுக்காக ஒரு நிமிஷம் மௌனமா நிப்போம்," என்றான்.

நாற்காலிகள் எல்லாம் ஒரே நேரத்தில் மடங்கின. டீச்சர் முதலில் எழுந்து, கைகளைக் கோத்துத் தலை குனிந்து நின்றார். நானும் எழுந்தேன். மாதா கோயிலில் பூசைக்கு எழுந்து நின்று பழகிய உடம்பு, யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கண்ணை மூடினேன். பிறகுதான் என் இடது பக்கம் காலியாக இருப்பது போலத் தோன்றியது.

ஷாந்தினி உட்கார்ந்திருந்தாள். கைப்பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, நேராகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் குனிந்து, "எந்திரி புள்ள. எல்லாரும் பாக்குறாங்க," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. தலையை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்தாள். அப்போதும் எனக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் உட்கார்ந்துவிட்டேன். அந்த முழுத் தியேட்டரில் நாங்கள் இரண்டு பேர்தான் உட்கார்ந்திருந்தோம். முன்னால் நின்ற புவனேசன் எங்களைப் பார்த்துவிட்டான். அவன் கையில் மைக் இருந்தது, ஆனால் மௌனத்தின் நடுவில் என்ன பேசுவான்?

ஒரு நிமிடம் முடிந்தது. கூட்டம் அசையத் தொடங்கியது. எங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு அம்மாள் குனிந்து, என் தோளுக்கு மேலாகச் சொன்னார்.

"ஒரு நிமிஷம் நிக்கக்கூட முடியலயா உங்களுக்கு? செத்தவங்களுக்கு மரியாத வேணாம்?"

நான் பதில் சொல்லத் திரும்பினேன். எனக்கு முன்னால் ஷாந்தினி திரும்பிவிட்டாள்.

"என்ர மனுசன் செத்தவர் எண்டு எனக்கு இன்னும் ஒருத்தரும் சொல்லேல்லை அம்மா," என்றாள்.

எல்லாரும் வாசலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் மட்டும் தன் நாற்காலியை மறுபடி விரித்து உட்கார்ந்தார்.